முனைவர் பட்டம் வாங்கிய தாதி: பேராக் தோட்டத்துப் பெண்களுக்கு அவர் ஏன் தேவை?

“தாதியர் படிப்பில் பிஎச்டி வரைக்கும் போகப் போறேன்” என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். “அத்தனை வருஷம் படிக்கிறதுக்கு டாக்டருக்கே படிச்சிடலாமே” என்று யாராவது ஒருத்தர் கேட்பார். பெரும்பாலும் ஒரு சித்தப்பா.

கேள்வி நியாயம்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு வேலை. ஒரு கர்ப்பிணி, மருத்துவரோடு இருக்கும் நேரம் பத்துப் பதினைந்து நிமிடம். பிள்ளை பெற்ற வார்டில் ராத்திரி மூணு மணிக்கு அவள் பக்கத்தில் இருப்பவர் தாதி, நம்ம பாஷையில் ‘மிஸ்ஸி’. அவள் ஏன் சத்தமில்லாமல் அழுகிறாள், இரும்புச் சத்து மாத்திரையை ஏன் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள், அடுத்த செக்கப்புக்கு ஏன் வரமாட்டாள் என்பதெல்லாம் முதலில் தெரிய வருவது மிஸ்ஸிக்குத்தான். அப்படித் தெரிந்ததை ஒரு கேள்வியாக்கி, முறைப்படி ஆராய்ந்து, அரசாங்கமும் மருத்துவமனையும் ஏற்றுக்கொள்ளும் ஆதாரமாக மாற்றக் கற்றவரைத்தான் தாதியர் விஞ்ஞானி என்கிறார்கள். அந்தப் பயிற்சிதான் முனைவர் பட்டம்.

ஈப்போவிலோ சுங்கை சிப்புட்டிலோ பீடோரிலோ வளர்ந்தவர் நீங்கள் என்றால் இந்தப் படிப்புக்கும் உங்க பாட்டிக்கும் கூட ஒரு தொடர்பு இருக்கு. அதற்கு வருவோம்.

ஒரு தாதியின் ஆய்வு எதை மாற்றும்?

அமெரிக்காவில் ஜாக்குலின் கேம்பெல் என்று ஒரு தாதி. ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் பள்ளித் தாதியாக வேலை பார்த்தவர். பெண்கள் கொலையான வழக்குகளின் போலீஸ் கோப்புகளை உட்கார்ந்து படித்தார். கணவன் அல்லது காதலன் கையால் செத்த பெண்கள் பலர், அதற்கு முன்பே மருத்துவமனை வாசலை மிதித்தவர்கள். அங்கே யாரும் சரியான கேள்வியைக் கேட்கவில்லை. 1985-இல் அவர் உருவாக்கிய ‘ஆபத்து மதிப்பீடு’ என்ற கேள்விப் பட்டியல் இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. முதலில் ஒரு நாள்காட்டி தருவார்கள். போன வருஷம் எந்தெந்த நாள் அடி விழுந்தது என்று அந்தப் பெண்ணே அதில் குறிக்க வேண்டும். பிறகு 20 கேள்விகள். எப்போதாவது கழுத்தை நெரித்தானா என்பது அதில் ஒன்று.

நாள்காட்டி எதற்கு? அடி வாங்குகிறவருக்கே ஆபத்தின் அளவு தெரிவதில்லை. கேம்பெல் பங்கெடுத்த ஓர் ஆய்வில், கொலை முயற்சியில் உயிர் தப்பிய பெண்களிடம் பேசியபோது கிட்டத்தட்டப் பாதிப் பேர் அதை எதிர்பார்க்கவே இல்லை என்றார்கள். தேதிகளைக் கையால் குறிக்கும்போதுதான் ‘இத்தனை தடவையா?’ என்று உறைக்கிறது. மலேசியாவில் 1994-இல் குடும்ப வன்முறைச் சட்டம் வந்தது; அதே காலக்கட்டத்தில் கோலாலம்பூர் மருத்துவமனையில் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒரே இட நெருக்கடி மையமும் தொடங்கி, பிறகு மற்ற அரசு மருத்துவமனைகளுக்குப் பரவியது. அப்படிப்பட்ட மையத்தில் முதல் கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் தாதிதான். எந்தக் கேள்வியைக் கேட்பது என்று அவருக்குச் சொல்லிக் கொடுப்பது இந்த மாதிரி ஆய்வுகள்.

இன்னொருவர் கிறிஸ்டன் சுவான்சன். கரு கலைந்த பெண்களிடம் அவர்கள் அனுபவத்தைக் கேட்டதுதான் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு, 1980களின் தொடக்கத்தில். ‘அடுத்தது நல்லபடியா பொறக்கும்’ என்று ஊர் சொல்லும் ஆறுதல் அந்தப் பெண்ணின் காதில் எப்படி விழுகிறது என்பதை ஓர் ஆய்வாக எடுத்துக்கொள்ளலாம் என்றே அன்றைக்குப் பலருக்குத் தோன்றவில்லை. அங்கே தொடங்கியவர், 2009-இல் 341 தம்பதிகளை வைத்து எந்த வகை ஆலோசனை துக்கத்தை விரைவாகக் குறைக்கிறது என்று சோதித்துப் பார்க்கும் அளவுக்குப் போனார்.

எண்கள் வேணுமா? லிண்டா ஐக்கன் என்ற தாதியர் ஆய்வாளரின் குழு 2014-இல் 9 ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளை ஆராய்ந்தது. ஒரு தாதிக்கு ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சைக்குப் பின் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவிகிதம் கூடுகிறது. பட்டதாரித் தாதியர் விகிதம் 10 சதவிகிதம் உயர்ந்தால், அது 7 சதவிகிதம் குறைகிறது. ‘ஆள் பத்தலை’ என்ற வார்டுப் புலம்பல் இப்படித்தான் அமைச்சர் மேசைக்குப் போகும் அறிக்கை ஆகிறது.

சரி, பேராக்கில் என்ன?

1877-இல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். அதில் ஒரு மரம் இன்னும் அங்கே நிற்கிறது; பள்ளிச் சுற்றுலாவில் நீங்கள் பார்த்திருக்கலாம். அதற்குப் பின் பேராக் முழுக்கத் தோட்டங்கள் எழுந்தன. தமிழ்ப் பெண்கள் விடியுமுன் எழுந்து ஆண்களோடு சேர்ந்து பால்மரம் வெட்டினார்கள், காண்டா வாளி சுமந்தார்கள், புல் பிடுங்கினார்கள், பின்னாளில் களைக்கொல்லி அடித்தார்கள். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில். காய்ச்சல் என்றால் தோட்டத்து டிரசர். பிரசவம் லயத்து வீட்டிலோ தோட்ட ஆஸ்பத்திரியிலோ.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். தாய் இறப்பைக் குறைத்ததில் மலேசியா உலகமே உதாரணம் காட்டும் நாடு. சுதந்திர காலத்தில் 1 லட்சம் பிரசவத்துக்குச் சுமார் 280 தாய்மார்கள் இறந்தார்கள். 2000-க்குள் அது 30-ஐ ஒட்டி வந்துவிட்டது. இது எப்படி நடந்தது என்று இந்திரா பத்மநாதன் என்ற மலேசிய மருத்துவரும் குழுவினரும் உலக வங்கிக்காக 2003-இல் ஒரு நூல் எழுதினார்கள், மலேசியாவையும் இலங்கையையும் ஒப்பிட்டு. அவர்கள் காட்டிய காரணங்களில் முக்கியமானது, கிராமம் வரைக்கும் போன பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளும் தாதியரும்தான். இன்றும் தாய் நலப் பதிவுப் புத்தகத்தில் ஒட்டும் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு அடையாளம் அந்த ஏற்பாட்டின் தொடர்ச்சி. சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை.

ஆனால் அந்தக் கிராமச் சுகாதாரத் திட்டம் கம்பங்களை மனதில் வைத்துப் போடப்பட்டது. தோட்டம் தனியார் நிலம். அங்கே சுகாதாரம் முதலாளி பொறுப்பு. அரசாங்கத்தின் கிளினிக் டேசா லயத்து வீடுகளுக்கு வெளியே நின்றது. உள்ளே இருந்தவருக்குக் கிடைத்தது அந்தந்தத் தோட்ட நிர்வாகத்தின் மனசைப் பொறுத்தது. தோட்டத்து மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-இல் தனிச் சட்டம் வந்தது என்பதைப் பார்த்தால், அது எவ்வளவு தனி உலகமாக இருந்தது என்று புரியும்.

பிறகு அந்த உலகமும் கலைந்தது. தோட்டங்கள் துண்டு போடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில்தான், சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டங்களை வாங்கினார். அப்புறம் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் தாமான் வந்தது. ஆட்கள் புந்தோங், சுங்கை சிப்புட் டவுன், மலிவு விலை வீடுகள் என்று சிதறினார்கள்.

இப்போது கணக்கெடுப்பைப் பாருங்கள். தேசியச் சுகாதார ஆய்வு இன வாரியாக, மாநில வாரியாக, நகரம் கிராமம் என்று பிரித்து எண் கொடுக்கிறது. 2019 ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 சதவிகிதம் பேருக்கு இனிப்பு நீர், இந்தியர்களில் 31.4 சதவிகிதம். அதில் ‘தோட்டத்தில் வேலை செய்தவர்’ என்று ஒரு கட்டம் கிடையாது. முப்பது வருஷம் மரம் வெட்டிவிட்டு இப்போ ஈப்போ அடுக்குமாடியில் இருக்கும் 65 வயது அம்மா, கணக்கில் ‘நகர்ப்புற இந்தியப் பெண்’. டவுனில் பிறந்து வளர்ந்த ஆசிரியையும் அதே கட்டத்தில்தான். இருவர் உடம்பும் கடந்து வந்தது ஒன்றா?

எத்தனையோ கேள்விகள் அப்படியே கிடக்கு. பால் வாளி சுமந்த பெண்களுக்குக் கர்ப்பப்பை இறங்குவது அதிகமா? பாரம் தூக்குவதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று மற்ற நாட்டு ஆய்வுகள் பேசுகின்றன. ஆனால் அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, துணியைக் கட்டிக்கொண்டு இருபது வருஷம் ஓட்டுகிறவரை கிளினிக் ரெக்கார்டில் தேடினால் கிடைக்கமாட்டார். வீட்டுக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, தமிழில் கேட்கணும்.

களைக்கொல்லி விஷயத்தில் கேட்டவர்கள் இருந்தார்கள். தோட்டத்தில் மருந்து அடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஐரீன் பெர்னாண்டஸ் தொடங்கிய தெனாகனித்தா அமைப்பும், ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் அந்தப் பெண்களிடம் பேசி 2002-இல் ஓர் ஆய்வு வெளியிட்டன. மூக்கில் ரத்தம், நகம் கெட்டுப்போவது, கண் எரிச்சல் என்று தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது அதில்தான் ஆவணமானது. அதே 2002-இல் அரசாங்கம் பாராகுவாட் மருந்துக்குத் தடை அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி 1-இல் முழுத் தடை. பதினெட்டு வருஷம். அந்த ஆய்வைச் செய்தவர்கள் சமூகப் போராளிகள். அதனாலேயே எதிர்த்தரப்பு ‘இது பிரச்சாரம்’ என்று தள்ளிவிட வழி இருந்தது. தொழில்சார் நோயும் பெண்கள் உடல்நலமும் படித்த, அந்தப் பெண்கள் மொழி பேசும் முனைவர் தாதிகள் பத்துப் பேர் அப்போது இருந்திருந்தால் அந்தப் பதினெட்டு கொஞ்சம் சுருங்கியிருக்கும் என்பது இந்தக் கட்டுரையாளரின் கருத்து.

மொழி ஏன் இவ்வளவு முக்கியம்?

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்கப் பயன்படுவது எடின்பரோ அளவுகோல். 1987-இல் வந்தது. 10 கேள்விகள்தான். மலாய் வடிவம் இருக்கு. தமிழ் வடிவத்தை வேலூர் வட்டாரத்தில் பிள்ளை பெற்ற பெண்களிடம் சோதித்து 2005-இல் முடிவு வெளியிட்டார்கள். அப்புறம் என்ன, எடுத்து ஈப்போவில் கொடுத்தால் ஆச்சு என்று தோணும்.

அப்படி இல்லை. வேலூர்க் கிராமத்துப் பெண்ணும் தஞ்சோங் ரம்புத்தான் பெண்ணும் பேசுவது தமிழ்தான். துக்கத்தைச் சொல்லும் விதம் வேறு. நம்ம ஊரில் ஒருத்தி ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்பாள், ‘மனசு கனமா இருக்கு’ என்பாள், மலாய் கலந்து ‘ஸ்ட்ரெஸ் லா, பெனிங் தலை’ என்பாள். சிலர் மனசைப் பற்றிப் பேசவே மாட்டார்கள், தலை சுத்துது, கை கால் ஓயுது என்று உடம்பு வழியாகச் சொல்வார்கள். ஆங்கிலக் கேள்வியில் ஒரு சொலவடை இருந்து, அதை அப்படியே தமிழில் போட்டால் அர்த்தம் கெட்டுவிடும்.

இதற்கு ஒரு முறை இருக்கு. ஒருவர் தமிழாக்கம் செய்வார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்தில் ஆக்குவார். இரண்டையும் ஒப்பிட்டு எங்கே வழுக்கியது என்று பார்ப்பார்கள். பிறகு பத்து இருபது பெண்களிடம் கொடுத்து, ‘இந்தக் கேள்வி என்ன கேட்குதுன்னு உங்க வார்த்தையில சொல்லுங்கக்கா’ என்று கேட்பார்கள். அதன் பிறகே பெரிய எண்ணிக்கையில் சோதனை. ஒரு கேள்வித்தாளை மலேசியத் தமிழுக்குச் சரியாகக் கொண்டு வருவதே ஒரு முனைவர் பட்ட ஆய்வின் பெரும் பகுதியாக முடியும். சலிப்பான வேலை போலத் தெரியும். ஆனால் தப்பான கேள்வித்தாள் என்றால், அழுகிற தாயை ‘நார்மல்’ என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடும்.

இருமொழி, மும்மொழிக்காரரான உங்களுக்கு இங்கேதான் சாதகம். தமிழ்ப்பள்ளியில் படித்து, மலாயில் எஸ்பிஎம் எழுதி, ஆங்கிலத்தில் டிப்ளோமா முடித்தவரிடம் இருக்கும் கருவி, கோலாலம்பூரில் பெரிய நிதி வைத்திருக்கும் ஆராய்ச்சியாளரிடம் இருக்காது. அவர் மொழிபெயர்ப்பாளரை அமர்த்தணும். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருக்கும்போது எந்த அம்மாவும் வெள்ளைப்படுவதைப் பற்றிப் பேசமாட்டார்.

படிப்பு எப்படிப் போகும்?

மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் டிப்ளோமா 4-ஆம் நிலை, இளங்கலை 6, முதுகலை 7, முனைவர் 8. எஸ்பிஎம் முடித்து 3 வருஷ தாதியர் டிப்ளோமா படிப்பதுதான் பலர் போகும் பாதை. பேராக்கில் சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகம் உலு கிந்தாவில் இருக்கு. முடித்ததும் மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிவு செய்தால்தான், 1950-ஆம் ஆண்டுத் தாதியர் சட்டப்படி, வேலை பார்க்க முடியும். இன்னொரு வழி, எஸ்டிபிஎம் அல்லது மெட்ரிகுலேஷனுக்குப் பின் நேரடியாக 4 வருஷ இளங்கலை.

டிப்ளோமாவில் தொடங்கியவர் வேலை பார்த்துக்கொண்டே இளங்கலைக்குப் போகலாம். மலாயாப் பல்கலைக்கழகம் 1993-இல் தாதியர் பட்டப்படிப்பைத் தொடங்கியபோது அது பதிவு பெற்ற தாதியருக்காகத்தான். அதற்கு முன் உள்நாட்டில் தாதிக்குப் பட்டம் என்பதே கிடையாது. நம் தாதியர் ஆராய்ச்சி இன்னும் இளசாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இன்றைக்கு மலாயாப் பல்கலைக்கழகம், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், குவாந்தானில் இருக்கும் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் தாதியர் துறை என்று முதுநிலை ஆய்வுக்கு வழிகள் இருக்கின்றன. பெண்கள் உடல்நலம்தான் உங்க ஆர்வம் என்றால் நடுவில் மகப்பேறு தாதியர் பயிற்சி ஒன்றை முடிப்பது புத்திசாலித்தனம். பிரசவ அறையைப் பார்க்காமல் பிரசவத்தை ஆராய்வது கஷ்டம்.

முனைவர் பட்டம் முழுநேரமாகச் சுமார் 3 வருஷம். பகுதிநேரமாக என்றால் ஐந்தாறு ஆகும், கூடவும் ஆகும். அதில் வகுப்பு குறைவு. முதல் வருஷம் முழுக்க வாசிப்பும், கேள்வியைச் செதுக்குவதும். பிறகு ஒரு குழுவின் முன் திட்டத்தைத் தற்காக்க வேண்டும். அப்புறம் களம், பகுப்பாய்வு, எழுத்து, கடைசியில் வாய்மொழித் தேர்வு. மேற்பார்வையாளர் யார் என்பது பல்கலைக்கழகத்தின் பெயரைவிட முக்கியம். உங்க தலைப்பில் அவர் என்ன வெளியிட்டிருக்கிறார் என்று பார்த்துவிட்டு, அவர் மாணவர்கள் இருவரிடமாவது தனியாகப் பேசிவிட்டு விண்ணப்பியுங்கள்.

அமெரிக்க இணையப் பக்கங்களைப் பார்த்தால் டிஎன்பி என்று இன்னொரு முனைவர் பட்டம் கண்ணில் படும். அது சிகிச்சைப் பணியில் உச்சத் தகுதி. ஆராய்ச்சிக்கானது பிஎச்டி. அங்கே தேசியச் சுகாதார நிறுவனங்களுக்குள் தாதியர் ஆராய்ச்சிக்கென்றே 1986-இல் ஒரு மையம் தொடங்கி, 1993-இல் அது முழு நிறுவனமானது. பெண்கள் உடல்நலம் மாதிரி ஒரு துறையை எடுத்து அதில் மட்டும் முனைவர் மாணவர்களைப் பயிற்றுவிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அரசாங்கமே பணம் கொடுக்கிறது. நம்மிடம் அப்படித் தனிக் கழகம் கிடையாது.

ஓர் ஆய்வைக் கற்பனை செய்து பார்ப்போம்

தலைப்பு இதுதான்: கர்ப்ப காலத்தில் இனிப்பு நீர் வந்த, தோட்டப் பின்னணியுள்ள பெண்கள், பிரசவத்துக்குப் பின் பரிசோதனைக்கு ஏன் திரும்ப வருவதில்லை?

ஏன் முக்கியம்? கர்ப்பத்தில் சீனி ஏறி, பிள்ளை பிறந்ததும் இறங்கிவிட்டால் ‘சரியாப் போச்சு’ என்று நினைக்கிறோம். 2020-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு, அப்படிப்பட்டவர்களுக்குப் பின்னாளில் நிரந்தர நீரிழிவு வரும் அபாயம் மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு என்றது. அதனால்தான் பிரசவமாகி 6 வாரத்தில் ஒரு தடவை, பிறகு வருஷா வருஷம் சோதிக்கச் சொல்கிறது நம் மருத்துவ வழிகாட்டி.

முதல் சிக்கல், ஆட்களை எங்கே கண்டுபிடிப்பது? கலைந்துபோன தோட்டத்துக்குப் பெயர்ப் பட்டியல் கிடையாது. இங்கே ஊர் தெரிந்தவருக்கு வழி தெரியும். டவுனுக்கு இடம் மாறிய தமிழ்ப்பள்ளிகள் பல இன்னும் பெயரில் ‘லாடாங்’ என்ற சொல்லைச் சுமக்கின்றன. பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு, தோட்டமே இல்லாவிட்டாலும், ஆட்கள் திரும்பி வருகிறார்கள். ஒருவர் இன்னொருவரைக் காட்டுவார். ஆனால் இப்படிச் சேர்த்தவர்கள் எல்லாரையும் பிரதிநிதிப்பவர்கள் அல்ல. கோயிலுக்கு வராதவர், மதம் மாறியவர், கூச்சப்படுகிறவர் விட்டுப்போவார்கள். அந்தக் குறையை எப்படி ஈடுகட்டுவது என்று எழுத முடிந்தால்தான் அந்தக் குழு உங்களை மேலே விடும்.

அடுத்தது அனுமதி. அமைச்சின் மருத்துவமனை, கிளினிக், நோயாளி பதிவு எதைத் தொட்டாலும் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஆய்வைப் பதிந்து, மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கணும். ஒப்புதல் படிவம் தமிழிலும் வேணும். எழுத்து வாசிக்கத் தெரியாத ஒரு பாட்டியிடம் பேசப் போகிறீர்கள் என்றால், படித்துக் காட்டி, சாட்சி ஒருவர் முன்னால் கைநாட்டு வாங்கணும். ‘மிஸ்ஸி சொன்னா சரிம்மா’ என்று அவர் உடனே தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேண்டாம் என்று சொன்னாலும் சிகிச்சையில் எதுவும் குறையாது என்பதை அவர் நம்பும் வரை சொல்ல வேண்டும். கிளினிக்கில் நீங்களே அவருக்கு ஊசி போடுகிறவர் என்றால் இன்னும் கவனம் வேணும்; பேட்டியை வேறு ஒருவர் எடுப்பது நல்லது.

பிறகு பேட்டிகள். பதில்கள் எப்படி வரும் என்று ஊகிக்கலாம்: தொழிற்சாலை ஷிப்டு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, வெறும் வயிற்றோடு போய்ச் சீனித் தண்ணி குடித்துவிட்டு 2 மணி நேரம் காத்திருப்பது, பத்தியத்தில் இருக்கும்போது வெளியே போகக் கூடாது என்கிற மாமியார். ஆனால் முனைவர் பயிற்சியில் முதலில் கற்றுக்கொள்வது, தன் ஊகத்தைச் சந்தேகிக்க. யாரும் சொல்லாத காரணம் பதினெட்டாவது பேட்டியில் வந்து நிற்கும்.

இது மாதிரி வேலை ஏற்கெனவே பலன் கொடுத்த இடமும் இருக்கு. கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை மலேசியாவில் 1969-இல் இருந்தே உண்டு. ஆனால் வெட்கம், பயம், நேரமின்மையால் பெண்கள் வரவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் வூ யின் லிங் குழு ஆஸ்திரேலியக் கூட்டாளிகளோடு 2018-இல் தொடங்கிய ‘ரோஸ்’ திட்டத்தில் பெண் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கிறாள், முடிவு கைப்பேசிக்கு வருகிறது. அவர் மருத்துவர், தாதி அல்ல. ஆனால் ‘ஏன் வரமாட்டேங்கறாங்க?’ என்ற கேள்வியை உண்மையாகவே கேட்டால் சேவையின் வடிவமே மாறும் என்பதற்கு அது நல்ல சாட்சி.

காசும் வேலையும்

இதை மறைக்கக் கூடாது. 18 வயதில் டிப்ளோமா சேர்ந்தவர் முனைவர் பட்டம் வாங்கும்போது பெரும்பாலும் முப்பதைத் தாண்டியிருப்பார். அதற்குள் கல்யாணம், பிள்ளை, வீட்டுக் கடன். பெண்களின் உடல்நலத்தை ஆராய வேண்டியவரே இரவு ஷிப்டு முடித்து, பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுத் தீசிஸ் எழுதுகிறார்.

அரசாங்க ஊழியர் என்றால் ஹாடியா லாத்திஹான் பெர்செகுத்துவான், அதாவது எச்எல்பி, சம்பளத்தோடு படிப்பு விடுப்பு தரும் வழி. போட்டி உண்டு, முடித்ததும் சேவை ஒப்பந்தமும் உண்டு. உயர்கல்வி அமைச்சின் மைபிரெயின் மாதிரி உபகாரச் சம்பளங்கள் இருக்கு, விதிகள் அடிக்கடி மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் வருஷத்தின் அறிவிப்பைப் பாருங்கள். மேற்பார்வையாளரின் ஆய்வு நிதியில் ஆய்வு உதவியாளராகச் சேர்வதும் ஒரு வழி.

பட்டத்துக்குப் பிறகு? விரிவுரையாளர் வேலைக்கு முனைவர் தாதியருக்குத் தேவை இருக்கு. சிக்கல் என்னவென்றால் அதோடு அவர் வார்டை விட்டுப் போய்விடுகிறார். காலையில் பிரசவ வார்டு, மத்தியானம் ஆய்வு என்று இரண்டையும் சேர்த்துச் செய்யும் பதவி நம் அரசு மருத்துவமனைகளில் இன்னும் வழக்கமாகவில்லை. ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குள்ளேயே மருத்துவ ஆய்வு மையம் ஒன்று இருக்கு. அங்கே தாதியர் பெரும்பாலும் மற்றவர் ஆய்வை ஒருங்கிணைப்பவர்கள். தாதியே தலைமை ஆய்வாளராக, பழைய தோட்டத்துப் பெண்களைப் பற்றி ஒரு கேள்வியோடு அந்தக் கதவைத் தட்டும் நாள் வர வேண்டுமானால், இன்றைக்கு டிப்ளோமாவில் இருக்கிறவர் யாராவது பத்து வருஷக் கணக்கோடு தொடங்கணும்.

தொடங்க விரும்புகிறவருக்கு முனைவர் விண்ணப்பம் முதல் படி அல்ல. நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறை என்ற சில நாள் பயிற்சியை வேலையில் சேர்ந்த ஒன்றிரண்டு வருஷத்திலேயே முடிக்கலாம். வருடாந்தரப் பணிச் சான்றிதழுக்குத் தேவையான புள்ளிகளும் இந்த மாதிரிப் பயிற்சிகளில் சேரும். நடந்துகொண்டிருக்கும் ஓர் ஆய்வில் தரவு சேகரிக்கக் கேட்டுப் பாருங்கள். தமிழ் பேசத் தெரியும் என்பதைச் சொல்ல மறக்காதீர்கள், அது உங்க தகுதிப் பட்டியலில் முதலில் வரவேண்டியது. வார்டில் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒன்று, ஏன் என்று யாரும் கேட்காத ஒன்று, கண்ணில் பட்டால் குறித்து வையுங்கள். சட்டைப்பையில் அடங்கும் நோட்டு போதும். நோயாளியின் பெயரும் ஐசி எண்ணும் மட்டும் அதில் இருக்கக் கூடாது.